என் பெயரில் விழுந்த கோல்கள்

போன வாரம் முட்டிவலிக்காகத் தண்டையார்பேட்டையில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். அந்த அம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல ஃபுட்பால் ஆடினீங்களா சார்?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சட்டென்று சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தை ஆராயத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"ரெக்கார்டுபடி ஆடியிருக்கேன் டாக்டர்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, சீட்டில் 'பழைய விளையாட்டுக் காயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிறந்ததிலிருந்து பந்தை ஒழுங்காக உதைத்தறியாத எனக்கு இதோடு எத்தனையாவது அத்தாட்சியோ!

கீழே மருந்துக்கடையில் அவர் எழுதிக் கொடுத்த வலித் தைலத்தை வாங்கினேன். எனக்கு எதிலுமே பொறுமை கிடையாது. வாசலிலேயே மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான். மனைவி ஆட்டோவுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், நானோ நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தகர குடோனில் நிற்கிறேன். எதிரே மூட்டைமேல் உட்கார்ந்து ஏழுமலை தொடை இரண்டிலும் அதே தைலத்தை வழிய வழியத் தேய்க்கிறான். "மாமு, முதுவுல கொஞ்சம் போட்டு உடேன்" என்று எனக்கு முதுகைக் காட்டுகிறான்.

ஏழுமலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எந்தக் காகிதத்திலும் அவன் இல்லை. வடசென்னையின் கம்பெனி டீம்களில் அவனைப்போல ஒரு சென்டர் ஃபார்வர்டு ஆடியதில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். மூன்று சீசன் ஆடினான். எத்தனை கோல் போட்டான் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் என் கணக்கில் ஏறிவிடும். ஏன் என்று சொல்கிறேன்.

திருவொற்றியூர் பக்கம் தகர டின் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பெயர் எதற்கு, இப்போது கம்பெனியே இல்லை. பெயிண்ட் டின், நெய் டின், வார்னிஷ் டின் என்று நாள் முழுக்க டமடமவென்று சத்தம். அங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். பெண்டாட்டியிடம் கொஞ்சுவது தெருக்கோடிவரை கேட்கும். நான் டைம் ஆபீஸ் கிளார்க். யார் வந்தான், யார் வரவில்லை, எவன் ஏ ஷிப்டு, எவன் பி ஷிப்டு என்று பேரேட்டில் குறிக்கிற உத்தியோகம்.

அந்த உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. ஒருவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகவேண்டியிருக்கும். அவன் டோக்கனை இன்னொருவன் போட்டுவிட்டு அவன் பெயரில் வேலை செய்வான். அடுத்த வாரம் இவனுக்காக அவன். சிலசமயம் இரண்டு பேரும் வந்து நின்று முழிப்பார்கள். நான் ரப்பரை எடுத்து அழித்து, பெயரை மாற்றி எழுதி, இரண்டு பேரையும் உள்ளே அனுப்புவேன். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாருக்கும் சந்தோஷம். பெயர் என்பது பென்சிலால் எழுதுகிற சமாசாரம் என்று அந்த வருடங்களில் எனக்கு நன்றாக ஊறிப்போயிருந்தது. என்னுடைய எல்லா முட்டாள்தனத்துக்கும் அந்த ரப்பர்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஏழுமலை வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரன். லாரியிலிருந்து தகரத் தாள்களை இறக்கும் காண்ட்ராக்ட் ஆள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் கிடையாது. என் பேரேட்டில் 'லோடு, பன்னிரண்டு பேர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். பன்னிரண்டில் ஒருவன். குட்டை. கழுத்து என்று ஒன்று இருப்பதாகவே தெரியாது. ஆனால் தலையால் பந்தை அடிக்கக் கிளம்பினால் ஆறடி ஆளின் தோளுக்கு மேலே போய் நின்றுவிட்டுத்தான் இறங்குவான். கம்பெனிக்கு இருந்தது ஒரே பந்து. மழையில் நனைந்தால் இட்லிக் குண்டான் கனம் கனக்கும். அதைத் தலையால் அடித்து அடித்து அவன் நெற்றியில் எப்போதும் பந்தின் தையல் தடம் பதிந்திருக்கும். மண்டை ஏழுமலை என்று பெயரே வந்துவிட்டது.

அந்த நாளில் எண்ணூர் வரை இருந்த தொழிற்சாலைகளுக்குள் ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். விதி ஒன்றே ஒன்று: கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளிதான் ஆடலாம். எந்தக் கம்பெனியும் இந்த விதியை ஒரு நிமிஷம்கூட மதித்ததில்லை. வெளியாளைக் கூட்டிவந்து, உள்ளே இருக்கிற யாரோ ஒருவன் பெயரில் ஆடவிடுவார்கள். நடுவருக்குத் தெரியும், எதிரணிக்குத் தெரியும், சுண்டல் விற்கிறவனுக்கும் தெரியும். எங்களைக் காட்டிக்கொடுத்தால் அவர்களும் மாட்டுவார்கள், ஆகவே எல்லாரும் கனவான்களாக நடந்துகொண்டார்கள். ஒரு கோல்கீப்பர் நாலு கம்பெனிக்கு நாலு பெயரில் ஆடினார். அந்த நாலில் இரண்டு கம்பெனிகள் மோதுகிற நாளில் மட்டும் அவருக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும்.

ஏழுமலைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் சஃபாரி சூட்டும் கூலிங்கிளாஸுமாக டைம் ஆபீஸுக்குள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பேரைக் குடுத்துடலாம்யா. உன்னைப் பார்த்தா எவனும் மைதானத்துப் பக்கம் தேடவே மாட்டான்."

இதைவிடக் கேவலமாக ஒரு மனிதனிடம் தகுதியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது. போட்டோ ஒட்டாத ஒரு படிவத்தில் பெயர், தகப்பன் பெயர், டோக்கன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து அவன் நான்.

டீமை நடத்தியவர் டக்ளஸ். பாய்லர் ஃபிட்டர், ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர், வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. அவர் எனக்கு ஒரு கட்டளை போட்டார். யாராவது சந்தேகப்பட்டுக் கையெழுத்தை ஒத்துப்பார்க்கக் கேட்டால் கையெழுத்துப் போட நான் ஒவ்வொரு மேட்சுக்கும் கூடவே வரவேண்டும். ஆனால் அங்கே என் பெயரோடு நான் இருக்கக்கூடாது. ஒரே பெயரில் இரண்டு பேர் எப்படி இருப்பது? அதனால் மைதானத்தில் நான் ஏழுமலை. எலுமிச்சம்பழமும் தண்ணீர்க் குடமும் என் பொறுப்பு. "டேய் ஏழுமலை, தண்ணி எத்துக்கினு வாடா சோம்பேறி!" என்று டக்ளஸ் என்னைப் பார்த்துக் கூவும்போது நிஜ ஏழுமலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்படிச் சிரிப்பான்.

முதல் மேட்சை என்னால் மறக்க முடியாது. இடைவேளைக்கு முன்னால் கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் ஒரே இடி. வலை கிழிந்தே போயிற்று. வலை ஏற்கெனவே பாதி கிழிந்ததுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. என் வாழ்நாளில் அவ்வளவு பேர் என் பெயரைச் சொன்னதில்லை. திரும்பிப் பார்க்கத் துடிக்கிறது. பார்க்கக்கூடாது. குனிந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். விரலையும் கொஞ்சம் நறுக்கிக்கொண்டேன். அடுத்த பாதியில் எதிரணிக்காரர்கள் என் பெயரைச் சொல்லி என் அம்மாவையும் சகோதரிகளையும் இழுத்துத் திட்டினார்கள். அதையும் குனிந்துதான் கேட்டுக்கொண்டேன்.

இன்னொரு மேட்சில் ஏழுமலை ஒருவன் மூக்கில் முட்டிவிட்டான். எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தால், எப்படி முட்டினேன் என்றே எனக்குத் தெரியவில்லை. ஏழுமலை பக்கத்தில் குந்திக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினேன். "'வேணும்னு முட்டல சார், மூஞ்சி குறுக்க வந்துகினுது'ன்னு எய்து மாமு."

ஒருநாள் மாலைப் பத்திரிகை ஒன்றில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி வந்தது. அதில் என் பெயர். என் அப்பா அச்சாபீஸில் கம்பாசிடராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் எழுத்துக் கோத்த மனிதர், அச்சில் வருவது எவ்வளவு பொய் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைப்பீர்கள். தெரியாது. அச்சில் வந்துவிட்டால் அது நடந்ததுதான் அவருக்கு. பந்து என் பக்கம் வந்தால் நான் ஒதுங்கி நிற்பதைச் சின்ன வயசிலிருந்து கண்ணால் பார்த்தவர், அந்தத் துண்டைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். "நான் இல்லப்பா, வேற ஆளு" என்றேன். "உன் பேருதானே போட்டிருக்கு?" என்றார். 

டக்ளஸுக்கு ஒரு கதை உண்டு. இரண்டு உலகச் சண்டைக்கும் நடுவில் இங்கிலாந்தில் ஒரு சென்டர் ஃபார்வர்டு இருந்தானாம். அவனைப் பார்க்க ஜனங்கள் டிராமில் தொங்கிக்கொண்டு போவார்களாம். தலையால் அடித்தால் கீப்பர் பந்தைத் தேடுவதற்குள் சென்டருக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பானாம். டக்ளஸின் அப்பா அதைப் பேப்பரில் படித்துப் படித்து மகன் காதில் ஓதியிருக்கிறார். எந்த மேட்ச் ஜெயித்தாலும் குடோனில் உட்கார்ந்து டக்ளஸ் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் எல்லாம் கேட்டு முடித்து ஏழுமலை ஒரு சந்தேகம் கேட்டான்.

"அவன் யாரு பேருல ஆட்னான் டக்ளஸு?"

"யார் பேருலயா? அவன் பேருலதான்டா மடையா."

ஏழுமலை தைலக் குப்பியை மூடிவைத்தான். "அப்டிகூட ஆட உடுவாங்களா?" என்றான்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும்தான். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது சீசன் முடிகிற சமயம் ஏழுமலைக்குக் கல்யாணமாகி வருடம் திரும்பியிருந்தது. மனைவிக்கு ஆறு மாசம். தினக்கூலியில் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். வெல்ஃபேர் ஆபீசர் அவனை நிரந்தரமாக்குவதாக மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஷீல்டு ஜெயித்தால் வேலை என்றார். ஜெயித்தோம். இன்னொரு ஷீல்டு என்றார். அதையும் ஜெயித்தோம். அவரிடம் புதுக் கூலிங்கிளாஸைத் தவிர எந்த மாற்றமும் இல்லை.

அப்போதுதான் ஒரு பெரிய அரசாங்க நிறுவனத்தில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை என்று விளம்பரம் வந்தது. மைதானத்தில் ஆடிக் காட்டவேண்டும். கூடவே மூன்று சீசன் ஆடியதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கட்டுக்கட்டாக இருந்தது. எல்லாம் என் பெயரில்.

டைம் ஆபீஸில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து யோசித்தோம். டக்ளஸ் சுருட்டை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நான்தான் பேசினேன். நன்றாகக் கேளுங்கள், நான்தான்.

"இதுல இன்னாடா கஷ்டம்? இந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போ. என் பேருலயே ஆடு. எடுத்துட்டாங்கன்னா அப்புறம் பேரை மாத்திக்கலாம். நான் பாத்துக்கறேன்."

"மாத்திக்கலாமா மாமு?"

"தினமும் நான் மாத்தறதில்லையா?"

டைம் ஆபீஸ்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருவரும் நம்பினார்கள். அதைவிட வேடிக்கை, நானே நம்பினேன். ரப்பரோடு ஆறு வருடம் குடித்தனம் நடத்தியவன் வேறெப்படி யோசிப்பான்?

தேர்வு அன்று நான் எலுமிச்சம்பழத்தோடு கூடப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, அன்று ஏழுமலை ஆடியதுபோல அதற்கு முன்னும் ஆடவில்லை, பின்னும் ஆடவில்லை. காற்று கடலிலிருந்து எதிராக அடித்தது. மற்றவர்கள் அடித்த பந்தெல்லாம் காற்றில் வளைந்து எங்கேயோ போனது. இவன் மட்டும் பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே போய்க் காத்திருந்தான். நாலு கோல். நாலாவதைப் பார்த்துவிட்டுத் தேர்வாளர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். என் பெயரைச் சத்தமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். தகப்பன் பெயரைக் கேட்டார். ஏழுமலை தடுமாறாமல் என் அப்பா பெயரைச் சொன்னான். நன்றாக மனப்பாடம் பண்ணியிருந்தான்.

ஒன்றரை மாதத்தில் உத்தரவு வந்தது. ரிஜிஸ்டர் தபாலில், என் வீட்டுக்கு, என் பெயருக்கு.

பதினைந்து நாளில் வந்து சேரவேண்டும். பள்ளி இறுதி வகுப்புப் புத்தகம் அசல், பிறந்த தேதி, உடம்பிலுள்ள அங்க அடையாளம் இரண்டு, கைரேகை, போலீஸ் விசாரணை. நான் அந்தக் காகிதத்தை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தேன். ரப்பரால் அழிக்கிற மாதிரி ஓர் எழுத்துகூட அதில் இல்லை. ஏழுமலை படித்தது ஆறாவது.

ஓடிப்போய் வெல்ஃபேர் ஆபீசரைக் கேட்டேன். "வெளிய சொன்னா உனக்கும் வேலை போகும், கம்பெனி பேரும் போகும். எனக்கு இது எதுவும் தெரியாது" என்று சொல்லிக் கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டார். டக்ளஸ்தான் ஒரு வழி சொன்னார். ஏழுமலையே என் பெயரில், என் புத்தகத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவது. ரிட்டையர் ஆகிறவரை அவன் நானாக இருப்பது. மச்சத்தைக்கூடப் பச்சைகுத்திச் சரிபண்ணிவிடலாம் என்றார். எங்களுக்கு அதுவும் நடக்கக்கூடிய காரியமாகத்தான் பட்டது. அவ்வளவு கெட்டுப்போயிருந்தோம்.

ஏழுமலை மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"ஆட்றதுன்னா ஒன்றரை மணி நேரம் மாமு. உன் பேருல ஆடிட்டு வூட்டுக்குப் போயி ஏழுமலையா சோறு துன்னலாம். இது சாவற வரிக்கும் இல்ல? பொறக்கப் போற புள்ளைக்கு அப்பன் பேரு இன்னான்னு போட்றது?"

பதினாலு நாள் ஓடியது. வீட்டில் அப்பா தலையைத் தின்றார். "உன் பேருக்கு வந்திருக்கு, வேற எவன்டா போவணும்?" என்று அதே கேள்வி. எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். அரசாங்க வேலை, பென்ஷன். டமடம சத்தமில்லாத ஓர் ஆபீஸ். நான் போகாவிட்டால் அவனுக்குக் கிடைக்குமா, கிடைக்காது, பின்னே எதற்கு வீணாக்குவது என்று எனக்கு நானே அழகாக வாதாடிக்கொண்டேன். கடைசி நாள் லோடு இறக்குகிற இடத்துக்குப் போய் நின்றேன். அவன் தகரத்தாளைத் தோளிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். என் சட்டைப்பையில் அந்த ரிஜிஸ்டர் தபால் துருத்திக்கொண்டிருந்தது.

"போ மாமு" என்றான். மறுபடியும் லாரிக்குப் போய்விட்டான்.

அந்த இரண்டு வார்த்தையை நாற்பது வருடமாக அனுமதிக் கடிதம்போல மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் கோபமாகச் சொன்னானா, மனசாரச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. அதுதான் என் லட்சணம்.

புது வேலையில் முதல் நாளே டீம் கேப்டன் என்னைத் தேடி வந்தார். நாலு கோல் போட்ட சிங்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் முட்டியில் பட்டையாகக் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே போய் வணக்கம் சொன்னேன். பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதாகக் கதை விட்டேன். தேர்வில் பார்த்தவர்கள் முகத்தை ஞாபகம் வைத்திருக்கவில்லை. ஏழுமலை தலையைத்தான் பார்த்திருப்பார்கள், அதுவும் காற்றில். அதற்கப்புறம் ஆறு வருடம் நொண்டினேன். நொண்டுவது சுலபமென்று நினைக்காதீர்கள். எந்தக் கால் என்பதை மறக்காமலிருக்கவேண்டும். ஒருநாள் கேன்டீனில் பஜ்ஜி வாங்குகிற அவசரத்தில் காலை மாற்றி நொண்டிவிட்டேன். கேப்டன் டீயை வைத்துவிட்டு, "வலி இந்தக் காலுக்கு வந்துடுச்சா?" என்றார். "பரவிடுச்சு சார்" என்றேன். பாவம் என்று ஃபைல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். முட்டி இப்போது நிஜமாகவே தேய்ந்துபோனதற்கு அந்த ஆறு வருடப் பயிற்சிதான் காரணம் என்பது என் மனைவியின் கட்சி. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் செய்த ஒரே யோக்கியமான காரியம்.

தகரக் கம்பெனியில் அடுத்த சீசனுக்கு வெல்ஃபேர் ஆபீசர் வேறொரு கிளார்க்கின் பெயரோடு ஏழுமலையைத் தேடிப் போயிருக்கிறார். டக்ளஸ் என்னிடம் சொன்னது இது. ஏழுமலை மைதானத்தின் கோட்டுக்கு வெளியே ரப்பர் செருப்போடு நின்றுகொண்டு, "எம் பேரைப் போடு, ஆட்றேன்" என்றானாம். காண்ட்ராக்ட் ஆள் பெயரை எப்படிப் போடுவது? கெஞ்சினார்கள், பிரியாணி வாங்கித் தருகிறோம் என்றார்கள், மிரட்டினார்கள். "எம் பேரைப் போடு" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்த வாரமே லோடு வேலையையும் விட்டுவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு லாரி செட்டுக்குப் போய்விட்டான். அதற்கப்புறம் அவன் பந்தைத் தொடவில்லை. அப்போது அவனுக்கு வயசு இருபத்தைந்து.

இருபது வருடம் நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. வேலை, குடும்பம், முட்டி என்று சாக்குக்கா பஞ்சம்? எர்ணாவூரில் புதிதாகக் கொடுத்த குடியிருப்பில் வீடு கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வீட் பாக்ஸோடு கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவன் மகள் பவானி. அன்றைக்குப் பெயர் வேண்டும் என்றானே, அந்தப் பிள்ளை. காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வந்துகீறாங்க பாரு!" என்று ஏழுமலை உள்ளேயிருந்தே கத்தினான். தலை நரைத்திருந்தது. அவனுக்கு இப்போதும் கழுத்து இல்லை. "பவானி, நான் சொல்வேன்ல, ஃபுட்பால் ஆட்ற மாமா? இவருதான்."

எனக்கு ஸ்வீட் பாக்ஸைக் கொடுக்கவும் தோன்றவில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை. அவன் என்னை உட்காரவைத்து, மகளிடம் என் கோல்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். "கார்னர்லேர்ந்து பந்து வருது. காத்து கடல்லேர்ந்து அட்ச்சிகினு கீது. எல்லாரும் முன்னால ஓட்றானுங்க. மாமு மட்டும் ரெண்டடி பின்னால போறான். போயி எகிர்றான் பாரு! பந்து நெத்தில பட சொல்ல கண்ணை மூடக்கூடாது. மத்தவன்லாம் மூடிப்பான். மாமு மூடவே மாட்டான்." சொல்லும்போது உட்கார்ந்த இடத்திலேயே அவன் தலை முன்னால் வெட்டியது.

"நீ ஆட மாட்டியாப்பா?" என்று பவானி கேட்டாள்.

"நானா? நான் தண்ணி எத்துக்கினு போவேன். எலுமிச்சங்கா வெட்டிக் குடுப்பேன். கேட்டுப் பாரு மாமுவ."

அவள் என்னைப் பார்த்தாள். அவனும் பார்த்தான், கண்ணைச் சிமிட்டினான்.

"ஆமாம்மா" என்றேன்.

அவன் என்னைக் கேலி பண்ணினானா, காப்பாற்றினானா? ரொம்ப நாள் யோசித்து எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. தன் வீட்டில், தன் மகளுக்கு முன்னால், தான் போட்ட கோலைத் தன் வாயால் சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான். என் பெயரில் சொன்னால்தான் யாரும் சிரிக்காமல் நம்புவார்கள். அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை போனேன். போகும்போதெல்லாம் அவன் கோல் சொன்னான், நான் தலையாட்டினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை.

இப்போது எதுவும் இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் லாரிகளுக்கு எடை மேடை. மைதானத்தில் கன்டெய்னர்களை நாலு அடுக்கு அடுக்கியிருக்கிறார்கள். கோல் போஸ்ட் நின்ற இடம் எதுவென்று நானே குழம்பிப்போகிறேன். டக்ளஸ் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போய் அங்கேயே அடங்கிவிட்டார். வெல்ஃபேர் ஆபீசரும் போய்ச் சேர்ந்தார். கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியும் எப்போது நின்றதென்று தெரியாமலே நின்றுபோயிற்று. ஏழுமலை ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்களில் நான் விசாரித்தவரை நான் ஒருவன்தான் பாக்கி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பவானி போன் பண்ணினாள். "அப்பா தவறிட்டாரு அங்கிள்." நான் போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் பேனர் கடைக்காரனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். போட்டோ அனுப்பியாயிற்று, பெயர் சொல்லியாயிற்று, வயசு சொல்லியாயிற்று. பெயருக்குக் கீழே என்ன போடவேண்டும் என்று கடைக்காரன் கேட்கிறான்.

"லாரி செட் லோடு மேன்னு போடச் சொல்லு" என்றாள் பவானி.

"இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "ஃபுட்பால் பிளேயர்னு போடச் சொல்லு. சென்டர் ஃபார்வர்டு ஏழுமலைன்னு போடணும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஆடவே இல்லம்மா. ஒரு மேட்ச் கூட ஆடல. தண்ணி தூக்கினது நானு. அத்தனை கோலும் உங்கப்பா போட்டது. என் பேருல போட்டது." இன்னும் என்னென்னவோ சொன்னேன். டைம் ஆபீஸ், ரப்பர், ரிஜிஸ்டர் தபால் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது. நாற்பது வருடமாக வராதது அந்தப் பந்தலில் வந்தது.

பவானி என் கையைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். அப்பாவைப் பறிகொடுத்தவள், என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழுவாதீங்க அங்கிள். உங்க கோலைப் பத்திப் பேசாத நாளே கெடையாது அப்பா. நேத்து ஆஸ்பத்திரில கூட அதான் சொல்லிகினு இருந்தாரு, மாமு கண்ணை மூட மாட்டான்னு. நீங்க எப்டி ஆட்னீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"தோஸ்து போன துக்கம், இன்னா பேசறதுன்னு தெரியல பாவம். நீ லோடு மேன்னே போடச் சொல்லு."

போட்டார்கள்.